நாலு பேர், ஒரு பீட்சா!



இந்த மாதம் முழுச் சார்ட்டையும் எனக்கே கொடுத்துவிட்டார் தமிழ் ஐயா. விஷயம் நிறைய இருப்பதால் எழுத்து கொஞ்சம் பொடியாகத்தான் இருக்கும். கிட்டே வந்து படியுங்கள். பின்னால் நிற்கிறவர்களுக்கும் கொஞ்சம் வழி விடுங்கள்!

"பீட்சாவைப் பத்தி எழுதுறதுக்கு என்னடா இருக்கு? மைதா ரொட்டி, மேல தக்காளி, சீஸு. அவ்ளோதானே?" என்று கேட்டான் என் பெஞ்சுக்காரன். அவனுக்காகவே இதைச் சொல்கிறேன். ஸ்வீடன் நாட்டில் வாழைப்பழமும் மசாலாத் தூளும் போட்டு பீட்சா சுடுகிறார்கள். பிரேசிலில் பச்சைப் பட்டாணி போடுகிறார்கள். அர்ஜென்டினாவில் பீட்சாவின் தலையில் கடலைமாவு ரொட்டியை ஏற்றி வைத்துச் சாப்பிடுகிறார்கள். ஃபின்லாந்தில் கலைமான் கறி, ஆஸ்திரேலியாவில் கங்காரு! அவன் வாயை மூடிக்கொண்டான். (திறந்தால் ஈ போகும் என்று நான்தான் சொன்னேன்.)

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் பெரியம்மா மகள் ஸ்வீடனில் மேற்படிப்பு படித்தாள். 2019 கோடை விடுமுறையில் அவளும், கூடப் படித்த மூன்று பேரும் சேர்ந்து ஐரோப்பாவில் ஊர் சுற்றினார்கள். அவள் சொன்னதையும், நான் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சிக்கல்

நாலு பேரில் ஒருத்தி இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக்காரி. பீட்சாவின் சொந்த ஊரே அதுதான். இன்னொருவர் பிரேசில், சாவோ பாவ்லோ நகரம். மூன்றாமவர் துருக்கி. நாலாவது எங்கள் அக்கா.

நாலு பேரும் மாணவர்கள், கையில் காசு அளவாகத்தான் இருக்கும். அதனால் பெரிய பீட்சாவாக ஒன்று வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வோம் என்று கிளம்பும்போதே பேசிவிட்டார்கள். அங்கேதான் வம்பு. துருக்கிக்காரர் பன்றி இறைச்சி தொடமாட்டார். அக்கா முட்டை வரைக்கும் சரி, கறியும் மீனும் கிடையாது. பிரேசில்காரர் எதைப் போட்டாலும் சாப்பிடுவார், ஆனால் நிறையப் போட வேண்டும். நேப்பிள்ஸ்காரி எல்லாம் சாப்பிடுவாள். ஆனால் தட்டில் வந்ததைப் பார்த்ததும் முதலில் சொல்வது, "இது பீட்சாவே இல்லை!"

ஒரே தட்டிலிருந்து நாலு பேர் சாப்பிடுவது கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தத் தட்டில் ஒருத்தர் சாப்பிட முடியாதது இருந்தால், அவர் மட்டும் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நம் சுற்றுலாவில் புரோட்டா கடையில் பஸ் நிற்கும்போது, குருமா எதில் செய்தது என்று கேட்கத் தயங்கி வெறும் புரோட்டா தின்கிறவர்கள் நம் வகுப்பிலும் இருக்கிறார்களே, அதே கதைதான்.

வாழைப்பழ பீட்சா

முதல் பீட்சா ஸ்வீடனிலேயே. கடையில் பட்டியலைப் பார்த்தால் நாற்பது, ஐம்பது வகை. எல்லாவற்றுக்கும் எண் போட்டிருக்கும். அதில் ஒன்றின் பெயர் 'ஆஃப்ரிகானா'. பெயரைப் பார்த்து ஆப்பிரிக்கா என்று நினைக்காதீர்கள். வாழைப்பழத் துண்டு, மஞ்சள் நிற மசாலாத் தூள், சீஸ், பன்றித் தொடைக்கறி. சில கடைகளில் கோழியும் வேர்க்கடலையும் போடுவார்கள்.

நேப்பிள்ஸ்காரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாளாம். ஆனால் அக்கா யோசித்துப் பார்த்தாள். அதில் பன்றிக்கறியை மட்டும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? தக்காளி, சீஸ், வாழைப்பழம், மசாலா. நாலு பேருக்கும் ஒத்துவருகிறது! "ஊதான் ஷிங்கா" என்று சொன்னாள். 'பன்றித் தொடைக்கறி இல்லாமல்' என்று ஸ்வீடிஷ் மொழியில் அர்த்தம். ஆக, அந்தப் பட்டியலிலேயே வினோதமான பீட்சாதான் நாலு பேரும் சேர்ந்து தொட முடிந்த முதல் பீட்சா.

ருசி எப்படி? "வெந்த வாழைப்பழம் குழைஞ்சு இனிப்பா இருக்கும். சீஸ் உப்பா இருக்கும். மசாலா வாசனை மட்டும்தான், காரமே கிடையாது. நேந்திரம்பழத்தைச் சுட்டு உப்புக்கடலையோட தின்ன மாதிரி" என்றாள் அக்கா. எனக்கு இதைக் கேட்டதும் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் புட்டோடு பழம் பிசைந்து தின்கிற ஊர்க்காரர்கள் இதைச் சொல்லலாமா?

அந்த மஞ்சள் தூளுக்கு ஸ்வீடனில் பெயர் 'கர்ரி'. இந்தச் சொல் எங்கிருந்து போனது தெரியுமா? நம் தமிழ்ச் சொல் 'கறி'தான்! போர்த்துகீசியர், ஆங்கிலேயர் வாயில் புகுந்து புறப்பட்டு 'கர்ரி' ஆயிற்று. மஞ்சள், மல்லி, சீரகம், வெந்தயம் எல்லாம் அரைத்து டப்பாவில் அடைத்து ஆங்கிலேயர்கள் உலகம் முழுக்க விற்றார்கள். அந்த டப்பாதான் வட துருவத்துக்குப் பக்கத்தில் போய் வாழைப்பழத்தோடு சேர்ந்திருக்கிறது. நேப்பிள்ஸ்காரி "இது உன் நாட்டுப் பழக்கமா?" என்று அக்காவைக் கேட்டாளாம். சொல் எங்களுது, சமையல் எங்களுது இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

ஸ்வீடனுக்குப் பீட்சா எப்படிப் போனது? இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஸ்வீடன் தொழிற்சாலைகளுக்கு ஆள் போதவில்லை. இத்தாலியிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். வெஸ்தெரோஸ் என்ற ஊரில் மின்சாதனத் தொழிற்சாலையின் உணவுக்கூடத்தில் 1947-இல் அவர்களுக்காகப் பீட்சா சுட்டதுதான் அந்த நாட்டின் முதல் பீட்சா என்று சொல்கிறார்கள். அப்புறம் யுகோஸ்லாவியாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் மேற்கு ஆசியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பீட்சா கடைகள் அவர்கள் கைக்கு வந்தன. யுகோஸ்லாவியாக்காரர்களோடு வந்ததுதான் முட்டைக்கோஸை மெல்லிசாகச் சீவி, வினிகர், எண்ணெய், மிளகு போட்டு ஊறவைத்த சாலட். பீட்சா வாங்கினால் அது இலவசம். துருக்கிக்காரர்கள் கபாப் கறியைப் பீட்சா மேல் கொட்டி, வெள்ளைப் பூண்டுச் சாறு ஊற்றி 'கபாப் பீட்சா' என்றார்கள். ஷெலெஃப்தியோ என்ற வடக்கத்திய ஊரில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு முழு பர்கரையும் உருளைக்கிழங்கு வறுவலையும் பீட்சாவுக்குள் வைத்து மடித்து மூடிச் சுடுகிறார்கள். இதைச் சாப்பிட்டவர் அன்றைக்கு வேறெதுவும் சாப்பிட வேண்டாம் என்பது என் கருத்து.

நேப்பிள்ஸில் வெட்டித் தரமாட்டார்கள்!

அடுத்தது நேப்பிள்ஸ். இங்கே தோழியின் கொடிதான் பறந்தது.

நேப்பிள்ஸ் பீட்சா மாவில் நாலே பொருள்கள்: மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். எண்ணெய் கூடக் கிடையாது. மணிக்கணக்கில் புளிக்க வைத்து, கையாலேயே தட்டி விரிப்பார்கள். பூரிக்கட்டை தொடக்கூடாது. விறகு அடுப்பில் ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் 60 முதல் 90 விநாடிகளுக்குள் வெந்துவிடும். நீங்கள் இந்தப் பத்தியைப் படித்து முடிக்கிற நேரம்தான்! இவ்வளவு சீக்கிரம் எப்படி வேகிறது? கீழே கல்தரை சுடுகிறது. மேலே குவிந்த கூரையிலிருந்து வெப்பக் கதிர்வீச்சு இறங்குகிறது. (எட்டாம் வகுப்பில் படித்தோமே, வெப்பக் கடத்தல், வெப்பக் கதிர்வீச்சு, அதே தான்.) மாவில் இருக்கும் தண்ணீர் சட்டென்று ஆவியாகி ஓரத்தை உப்ப வைக்கிறது. அங்கங்கே சிறுத்தைப் புள்ளி மாதிரி கருகல் விழும். நடுப்பகுதி மட்டும் ஈரமாக, மெத்தென்று இருக்கும்.

அந்த ஈரம்தான் பங்கு போடுவதற்கு எதிரி. துண்டு போட்டால் தக்காளிச் சாறு வெட்டின வழியாக அடியில் இறங்கி ரொட்டி சொதசொதவென்று ஆகிவிடும். கையில் தூக்கினால் முனை தொங்கும். அதனால் அங்கே ஆளுக்கு ஒரு முழுப் பீட்சா, கத்தி முள்கரண்டியோடு. தெருவில் நின்று தின்பதானால் நாலாக மடித்துக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். மணிபர்ஸ் மாதிரி மடிப்பதால் அதற்குப் பெயரே 'மணிபர்ஸ் பீட்சா'.

எட்டுத் துண்டு போட்ட பெரிய வட்டத்தை நடுவில் வைத்து ஆளாளுக்கு எடுப்பது எல்லா ஊருக்கும் பொது என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். சொந்த ஊரிலேயே வழக்கம் வேறு! அப்புறம் என்ன செய்தார்கள்? நாலு பேரும் நாலு வகை வாங்கி, ஆளுக்குக் கால் பங்கு தின்றதும் தட்டை வலது பக்கம் தள்ளிவிட்டார்கள். பரிமாறியவர் ஒரு மாதிரி பார்த்தாராம். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஊரில் சொற்கள்தான் ஆளை ஏமாற்றும். அக்கா சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அமெரிக்காவிலும் நம் ஊர் விளம்பரங்களிலும் 'பெப்பரோனி' என்றால் வட்ட வட்டமான காரமான கறித்துண்டு. பெரும்பாலும் பன்றியும் மாடும் கலந்தது. இத்தாலியில் 'பெப்பரோனி' என்று கேட்டால் குடைமிளகாய் வரும்! கறி வேண்டும் என்று கேட்டவருக்குக் காய் வரும். அமெரிக்காவில் அதை நம்பிக் காய் கேட்டவருக்குக் கறி வரும். எவ்வளவு பெரிய வித்தியாசம்! இன்னொன்று, 'மரினாரா'. பெயரில் கடல் வாசனை அடிக்கிறது. மீன் இருக்கும் என்று அக்கா முதலில் அதைத் தவிர்த்துவிட்டாள். உண்மையில் அதில் தக்காளி, பூண்டு, ஓரெகானோ என்ற மூலிகை, ஆலிவ் எண்ணெய், இவ்வளவுதான். சீஸ் கூட இல்லை. ஆளிலேயே சுத்த சைவம் அதுதான்!

சீஸைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பாலைத் திரியவைக்க நாம் எலுமிச்சையோ தயிரோ ஊற்றுகிறோம். இத்தாலியின் புகழ்பெற்ற 'பார்மிஜானோ' சீஸுக்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ஒரு நொதியைத்தான் சேர்க்க வேண்டும் என்பது விதி. சுத்த சைவம் என்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அப்புறம் முடிவு செய்யலாம். அக்கா அந்த ஊரில் மிச்ச நாள் எல்லாம் மரினாராதான் சாப்பிட்டாள்.

ஒரு வேடிக்கை. நெத்திலி மாதிரிச் சின்ன மீனை உப்பில் ஊறவைத்துப் போடும் பீட்சாவுக்கு ரோம் நகரத்தில் 'நேப்பிள்ஸ் பீட்சா' என்று பெயர். அதே பீட்சாவுக்கு நேப்பிள்ஸில் என்ன பெயர் தெரியுமா? 'ரோம் பீட்சா'! ரெண்டு ஊரும் பழியை அடுத்தவர் மேல் போடுகின்றன.

'மார்கரிட்டா' பீட்சா பற்றி எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. 1889-இல் இத்தாலி ராணி மார்கரிட்டா நேப்பிள்ஸ் வந்தார், ரஃபாயேலே எஸ்போசிட்டோ என்பவர் கொடி நிறத்தில் சிவப்பு, வெள்ளை, பச்சை என்று பீட்சா சுட்டுக் கொடுத்தார் என்று. அழகான கதைதான். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் இதை முழுசாக நம்புவதில்லை. அதற்கு முன்பே தக்காளி, சீஸ், துளசி போன்ற இலை எல்லாம் போட்ட பீட்சா அங்கே இருந்திருக்கிறது. எனக்கு ராணி கதையைவிடப் பிடித்தது ஏழைகளின் கதை. போர் முடிந்த காலத்தில் விறகு அடுப்புக்கும் வழியில்லாமல் எண்ணெய்ச் சட்டியில் பொரித்து வீட்டு வாசலில் விற்றார்கள். 'இன்று சாப்பிடு, எட்டு நாள் கழித்துக் காசு கொடு' என்பது கணக்கு. 1954-இல் வந்த 'நேப்பிள்ஸின் தங்கம்' என்ற இத்தாலியப் படத்தில் நடிகை சோஃபியா லோரன் இப்படிப் பீட்சா விற்பவராக வருவார். நம் ஊர் அண்ணாச்சி கடை நோட்டு மாதிரி இல்லை?

நேப்பிள்ஸ் பீட்சா சுடுகிறவர்களின் கைத்திறனை 2017-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. அன்றைக்குத் தோழியின் ஊரில் தெருவில் பீட்சா கொடுத்துக் கொண்டாடினார்களாம்.

ரோமில் நிறுத்து வாங்கலாம்

பங்கு போட ரோம்தான் சுகம். பெரிய செவ்வகத் தட்டில் சுட்டு வைத்திருப்பார்கள். "இவ்வளவு" என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டித் தராசில் வைப்பார்கள். எடைக்குக் காசு! ஆளுக்கு ஒரு வகை, பிடித்த அளவு. அதில் ஒன்றில் தக்காளியே கிடையாது. மெல்லிசாகச் சீவிய உருளைக்கிழங்கு, எண்ணெய், ரோஸ்மேரி இலை, உப்பு மட்டும். ரொட்டி மேல் உருளைக்கிழங்கா என்று பிரேசில்காரர் சிரித்தார். மசால்தோசை ஊரிலிருந்து போன அக்காவுக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை.

பட்டாணியும் கடலைமாவும்

1880-க்கும் முதல் உலகப்போருக்கும் இடையே லட்சக்கணக்கான இத்தாலியர்கள் பஞ்சம் பிழைக்கக் கப்பல் ஏறினார்கள். பிரேசில், அர்ஜென்டினா, அமெரிக்கா என்று போன இடமெல்லாம் பீட்சாவும் போனது. பெற்ற ஊரில் மாறாமல் இருந்தது, போன ஊரில் அங்கே கிடைத்ததை எல்லாம் ஏற்றிக்கொண்டது.

சாவோ பாவ்லோவில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்றால் குடும்பத்தோடு பீட்சாதான் என்றார் பிரேசில் நண்பர். ஜூலை 10 அந்த நகரத்தில் பீட்சா தினம், 1985-லிருந்து கொண்டாடுகிறார்கள். 'போர்த்துகீசா' என்ற வகையில் பன்றிக்கறி, அவித்த முட்டை, வெங்காயம், ஆலிவ் காய் எல்லாம் இருக்கும். பல கடைகளில் பட்டாணியும் தூவுவார்கள். சீஸும் கொய்யாப்பழ அல்வாவும் போட்ட இனிப்புப் பீட்சாவுக்கு 'ரோமியோ ஜூலியட்' என்று பெயர். (உப்பும் இனிப்பும் காதலர்களாம்!)

பங்கு போடுவதில் பிரேசில்காரர்கள்தான் கெட்டிக்காரர்கள். ஒரே பீட்சாவில் பாதி ஒரு வகை, பாதி இன்னொரு வகை கேட்டால் தயங்காமல் சுட்டுத் தருவார்கள். இன்னொரு முறை, 'ரோடீஸியோ'. தலைக்கு இவ்வளவு என்று காசு கட்டிவிட்டு உட்கார்ந்தால், பரிமாறுகிறவர்கள் வகை வகையான பீட்சாவோடு மேசை மேசையாக வந்துகொண்டே இருப்பார்கள். வேண்டுமானால் ஒரு துண்டு வாங்கலாம், வேண்டாமானால் தலையை ஆட்டலாம். நம் கல்யாணப் பந்தி அப்படியே! யாருக்கு எது ஆகாதோ அதை அவர் விட்டுவிடலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவே இல்லை.

பிரேசிலில் ஒரு பேச்சு வழக்கும் உண்டு. 'எல்லாம் பீட்சாவில் முடிந்தது' என்பார்கள். பெரிய ஊழல் வெளியே வந்து, ஏகப்பட்ட சத்தம் போட்டு, கடைசியில் யாருக்கும் தண்டனை இல்லாமல் போனால் அப்படிச் சொல்வது. பல்மேராஸ் என்ற கால்பந்துக் கிளப்பின் நிர்வாகிகள் மணிக்கணக்கில் சண்டை போட்டுவிட்டு, பசித்ததும் எல்லாரும் சேர்ந்து பீட்சா தின்னப் போய்ச் சமாதானம் ஆகிவிட்டார்கள், அதிலிருந்து வந்த வழக்கு என்கிறார்கள். சேர்ந்து சாப்பிட்டதால் வந்த சமாதானம் நல்ல விஷயம்தானே என்று அக்கா கேட்டதற்கு, "எங்க நாட்டுச் செய்தித்தாள் படிச்சா அப்படிச் சொல்லமாட்டே" என்றாராம் அவர்.

அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரத்துக்குப் போனவர்களில் நிறையப் பேர் ஜெனோவா துறைமுகத்துக்காரர்கள். அவர்கள் ஊரில் கொண்டைக்கடலை மாவைக் கரைத்துப் பெரிய தட்டில் ஊற்றிச் சுடும் ஒரு ரொட்டி உண்டு. அர்ஜென்டினாவில் அதன் பெயர் 'ஃபைனா'. சீஸ் வழியும் தடித்த பீட்சாத் துண்டின் மேல் இந்த ஃபைனாவை வைத்து, ரெண்டையும் சேர்த்துக் கடிப்பார்கள். 'குதிரை ஏறிய ஃபைனா' என்று இதற்குப் பெயர். பீட்சா குதிரை, கடலைமாவு சவாரிக்காரன்!

போதும் என்கிற வரைக்கும் வரும்

ஊர் சுற்றலில் கடைசி இடம் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க். ஜெர்மனி எல்லையில், அல்சாஸ் என்ற பகுதி. இங்கே கிடைப்பது பீட்சா இல்லை, அதன் ஒன்றுவிட்ட தம்பி, 'ஃபிளாம்கூஷ்'. அப்பளம் மாதிரி மெல்லிய மாவு, மேலே தக்காளிக்குப் பதில் புளித்த பாலேடு, வெங்காயம், பன்றிக்கறித் துணுக்கு. அந்தக் காலத்தில் கிராமத்தில் ரொட்டி சுடும் நாளில், அடுப்பு சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க மிச்ச மாவைத் தட்டி உள்ளே தள்ளுவார்களாம். அதிலிருந்து பிறந்த பலகாரம்.

இதைத் தட்டில் தருவதில்லை. ஒரு மரப்பலகையில் வைத்து மேசை நடுவில் வைப்பார்கள். எல்லாரும் கையால் எடுத்துச் சுருட்டித் தின்ன வேண்டும். ஆறினால் நமத்துப்போகும் என்பதால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கொண்டு வருவதில்லை. ஒன்று தீர்ந்ததும் அடுத்தது வரும். "சான் லார்தோன்" என்று அக்கா சொன்னாள், பன்றிக்கறித் துணுக்கு இல்லாமல் என்று அர்த்தம். பரிமாறிய அம்மா நாலு பேரையும் பார்த்தார். "எல்லாமே அப்படியா?" என்று கேட்டார். நேப்பிள்ஸ்காரியும் பிரேசில்காரரும் ஒரே நேரத்தில் "எல்லாமே" என்றார்கள். அவர்கள் இருவருக்கும் அது தேவையே இல்லை, யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு ஏழு பலகை வந்ததாம். காளான் போட்டது இரண்டு.

பார்க்காமல் விட்டவை

அவர்கள் போகாத நாடுகளில் இருப்பதை நான் படித்துச் சேர்த்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

அன்னாசிப்பழம் போட்ட 'ஹவாயன்' பீட்சா ஹவாய்த் தீவில் பிறந்ததில்லை. கிரேக்க நாட்டிலிருந்து கனடா போன சாம் பனோபூலோஸ் என்பவர் 1962-இல் சாத்தம் என்ற ஊரில் தன் கடையில் டின் அன்னாசியைப் போட்டுப் பார்த்தார். அந்த டின்னின் பெயர்தான் ஹவாயன். 2017-இல் ஐஸ்லாந்தின் அப்போதைய அதிபர் குவித்னி யோகானஸ்சன் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, பீட்சாவில் அன்னாசி போடுவதை முடிந்தால் தடைசெய்வேன் என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டார். உலகம் முழுக்க ரகளை! பிறகு அவரே, எனக்கு அப்படிச் சட்டம் போடும் அதிகாரம் இல்லை, இல்லாததில் சந்தோஷம்தான் என்று விளக்கம் கொடுத்தார்.

ஃபின்லாந்துக் கதை இன்னும் ருசி. இத்தாலியின் பிரதமராக இருந்த பெர்லுஸ்கோனி 2005-இல் ஃபின்லாந்துச் சாப்பாட்டைக் கிண்டல் செய்தார். அந்த நாட்டு பீட்சா கம்பெனி ஒன்று புகையூட்டிய கலைமான் கறி, காட்டுக் காளான், சிவப்பு வெங்காயம் போட்டு ஒரு பீட்சா செய்து அதற்கு 'பெர்லுஸ்கோனி' என்றே பெயர் வைத்தது. 2008-இல் நியூயார்க்கில் நடந்த போட்டியில் அது முதல் பரிசு வாங்கியது. பதிலடி என்றால் இது பதிலடி!

ஆஸ்திரேலியாவின் அரசு முத்திரையில் கங்காருவும் ஈமு பறவையும் இருக்கும். சிட்னியில் ஒரு பழைய விடுதியில் ஒரு பாதி கங்காரு, மறு பாதி ஈமு என்று பீட்சா சுட்டு அதற்கு 'அரசு முத்திரை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் மயோனைஸும் மக்காச்சோளமும், கொரியாவில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மசியலும் போடுகிறார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துப் பீட்சா செவ்வகமாக இருக்கும். 1946-இல் கார் தொழிற்சாலையில் நட்டு, போல்ட் வைக்கும் இரும்புத் தட்டில் சுட ஆரம்பித்தார்களாம். அதில் சீஸ் கருகிப் பிடித்த மூலைத்துண்டு நாலுதான் இருக்கும். மேசையில் ஐந்து பேர் இருந்தால் சண்டைதான்.

சண்டை வராமல் வெட்டுவது எப்படி?

கணக்கு சார் இதைப் படிப்பார் என்பதால் இந்தப் பகுதியைக் கவனமாக எழுதுகிறேன்.

முதலில் வாங்கும் கணக்கு. 18 அங்குலப் பீட்சா ஒன்றா, 12 அங்குலப் பீட்சா இரண்டா, எதில் அதிகம்? இரண்டு என்றதும் அதிகம் என்று தோன்றும். வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பெரியதில் 9×9=81. சின்னதில் 6×6=36, இரண்டுக்கும் சேர்த்து 72. இரண்டு பக்கமும் 'பை' பொது. ஆகவே பெரிய ஒன்றுதான் அதிகம்! நம் ஆட்கள் முதல் நாளே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார்கள்.

அடுத்தது வெட்டும் கணக்கு. நடுப்புள்ளியில் கத்தி வைத்தால் எட்டும் சமம். கை தவறி ஓரமாக வைத்துவிட்டால்? சில துண்டு பெரிசு, சில துண்டு சிறிசு. ஆனால் அந்தத் தவறான புள்ளி வழியாகவே, 45 டிகிரி இடைவெளி விட்டு நாலு நேர்க்கோடுகள் வெட்டுங்கள். எட்டுத் துண்டு வரும். ஒன்று விட்டு ஒன்று நான் எடுத்துக்கொள்கிறேன், மிச்சம் உங்களுக்கு. இரண்டு பங்கும் மிகச் சரியாகச் சமம்! புள்ளி எங்கே இருந்தாலும் சரி. இதற்குப் 'பீட்சா தேற்றம்' என்றே பெயர். 1967-இல் அப்டன் என்பவர் ஒரு கணித இதழில் கேள்வியாகக் கேட்டார், 1968-இல் கோல்ட்பெர்க் நிரூபித்தார். ஓரத்து ரொட்டி கூடச் சமமாகவே வருமாம். ஆனால் இரண்டு கோடு மட்டும் போட்டு நாலு துண்டாக்கினால் இது பலிக்காது, கவனம்.

நாலு பேருக்கு? 1999-இல் ஹிர்ஷ்ஹார்ன் என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் சேர்ந்து இதற்கும் வழி சொன்னார்கள். 22.5 டிகிரி இடைவெளியில் எட்டுக் கோடு, பதினாறு துண்டு. ஒவ்வொருவரும் நாலாவது, நாலாவது துண்டாக எடுக்க வேண்டும். ஆளுக்கு நாலு துண்டு, நாலு பேருக்கும் ஒரே பரப்பு. அவர்கள் குடும்பத்துக்கு இருபது துண்டு வெட்ட வேண்டியிருந்திருக்கும்!

நானும் பெஞ்சுக்காரனும் கெட்டி அட்டையில் வட்டம் வரைந்து, வேண்டுமென்றே ஓரமாகப் புள்ளி வைத்து, எட்டாக வெட்டி, இயற்பியல் ஆய்வகத் தராசில் நிறுத்தோம். இரண்டு தட்டும் நேராக நின்றன. பதினாறு துண்டு அட்டை ஒன்றும் செய்து, நாலு நிறம் பூசி, இந்தச் சார்ட்டுக்குக் கீழே கவரில் வைத்திருக்கிறேன். எடுத்துச் சேர்த்துப் பாருங்கள், நிறுத்துப் பாருங்கள். முடிந்ததும் எண்ணிப் பார்த்துத் திரும்பக் கவரில் போடுங்கள். பதினைந்து இருந்தால் கணக்கு வராது.

– பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு